டெர்மினல் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லும் சர்வர்

கமாண்ட் லைனில் ஓடும் ஏஐ கோடிங் உதவியாளர்கள் ஃபைல்களைத் தாமாகவே திறந்து படித்துவிடும். கிளாட் கோட், ஜெமினி சிஎல்ஐ, கோடெக்ஸ் சிஎல்ஐ என்று எதை எடுத்தாலும் அடிப்படை வேலைமுறை ஒன்றுதான். ஒரு சொல்லை வைத்துத் தேடும், அகப்பட்ட ஃபைலைப் படிக்கும், அதில் பார்த்த பெயரை வைத்து மறுபடி தேடும். இவற்றை ஏஜென்ட் என்றே எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். கையில் இருப்பது ஒரே ரெப்போ (ஒரு புராஜெக்டின் நிரல் களஞ்சியம்), அதுவும் அளவானது என்றால் இந்த வழியே நல்லது. ஏனென்றால் ஏஜென்ட் படிப்பது இந்த நிமிடம் டிஸ்க்கில் உள்ள நிரலை. வேறு யாரோ எப்போதோ எடுத்து வைத்த சுருக்கத்தை நம்பவேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பதில் பல ரெப்போக்களில் சிதறிக் கிடக்கும்போதுதான் சிக்கல். "ஒரு ஆர்டர் ரிக்வெஸ்ட் தோற்றால் எத்தனை முறை மறுபடி முயல்கிறோம்?" என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி சின்னதுதான். பதிலில் ஒரு துண்டு கிளையன்ட் லைப்ரரியில் இருக்கிறது, ஒரு துண்டு ரிக்வெஸ்ட்களை வாங்கி சர்வீஸ்களுக்கு அனுப்பும் கேட்வேயின் கான்ஃபிக் ஃபைலில், மற்றொன்று ஆர்டர் சர்வீஸின் கியூ அமைப்பில். மூன்றும் மூன்று ரெப்போ, மூன்று டீம். கிளையன்ட் மொத்தம் 3 முறை அனுப்புகிறது, அதில் ஒவ்வொன்றையும் கேட்வே 2 முறை அனுப்பிப் பார்க்கிறது என்றால் சர்வீஸின் தலையில் விழுவது 6. எந்த ஒரு ரெப்போவைத் தனியாகப் படித்தாலும் இந்த 6 தெரியவராது. ஏஜென்ட்டின் டிஸ்க்கில் இருப்பதோ அந்த மூன்றில் ஒன்று மட்டும். அதிலும் 'ரீட்ரை' (மறுமுயற்சி) என்று தேடினால் டெஸ்ட்களும் லாக் வரிகளும் காமென்ட்களுமாக வந்து குவியும். எண் எழுதியிருக்கும் வரியில் அந்தச் சொல்லே இருக்காது, 'மேக்ஸ் அட்டெம்ப்ட்ஸ்' என்று இருக்கும்.

எல்லா ரெப்போக்களையும் முன்பே படித்து வைத்து, கேட்டால் பதில் சொல்லும் கோட்பேஸ் கேள்வி-பதில் சர்வர் தேவைப்படுவது இங்கேதான். அதன் உள்வேலை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ரெப்போக்களை எடுத்துவந்து, ட்ரீ-சிட்டர் போன்ற, நிரலின் இலக்கணத்தைப் பிரித்தறியும் பார்சரால் ஃபங்ஷன் ஃபங்ஷனாக, கிளாஸ் கிளாஸாகத் துண்டுபோடும். ஒவ்வொரு துண்டையும் எம்பெடிங்காக (பொருளைக் காட்டும் எண் வரிசையாக) மாற்றி இன்டெக்ஸில் வைக்கும். கூடவே சாதாரணச் சொல் தேடலுக்கும் ஒரு இன்டெக்ஸ் இருக்கும். எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்ற வரைபடத்தையும் வைத்திருப்பது நல்ல சர்வர். கேள்வி வந்ததும் பொருத்தமான துண்டுகளைத் திரட்டி ஒரு மொழி மாதிரியிடம் (எல்எல்எம்) கொடுக்கும்; அது பதிலை எழுதும். பொது ரெப்போக்களுக்கு இப்படிப்பட்ட சேவை ஏற்கெனவே இருக்கிறது. காக்னிஷன் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட டீப்விக்கி, கிட்ஹப்பில் உள்ள பொது ரெப்போக்களுக்கு விளக்கப் பக்கங்களைத் தயாரித்துத் தருகிறது. ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையில் பேசும் சர்வர் ஒன்றும் அதற்கு இருக்கிறது, அதில் மூன்று டூல்கள் உண்டு. ஒன்று பக்கங்களின் அமைப்பைத் தரும், ஒன்று உள்ளடக்கத்தைத் தரும், மூன்றாவது கேள்வியை வாங்கிப் பதில் சொல்லும். தொடங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். லாகின் வேண்டாம், உங்கள் ரகசிய ரெப்போவை அதற்குத் திறந்துவிடவும் வேண்டாம்.

எம்சிபி என்பது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். ஆந்த்ரோபிக் இதை 2024 நவம்பரில் வெளியிட்டது; அடுத்த ஆண்டே ஓபன்ஏஐயும் கூகுளும் ஏற்றுக்கொண்டன. அதற்கு முன்னால் ஒவ்வொரு உதவியாளருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இடையே தனித்தனியாக இணைப்பு எழுதவேண்டி இருந்தது. எடிட்டர்களுக்கும் நிரல்மொழிகளுக்கும் இடையில் இதே தொல்லை இருந்தபோது மைக்ரோசாஃப்ட் 2016-இல் எல்எஸ்பியை (லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்) கொண்டுவந்தது. எம்சிபி அந்த வழியில் வந்தது. உள்ளே ஓடுவது ஜேசன்-ஆர்பிசி 2.0 என்ற செய்தி வடிவம். முதலில் இரு பக்கமும் அறிமுகம் செய்துகொள்ளும், பிறகு ஏஜென்ட் "உன்னிடம் என்னென்ன டூல் இருக்கிறது?" என்று கேட்டுப் பட்டியல் வாங்கும், வேண்டும்போது ஒரு டூலை அழைக்கும். நமக்குத் தேவையான அளவுக்குப் புரோட்டோகால் அவ்வளவே.

இணைக்கும் வேலையும் சிறியது. கிளாட் கோடில் ஒரே கமாண்ட் போதும்: சர்வருக்கு ஒரு பெயர், ஹெச்டிடிபியா ஸ்டிடிஐஓவா (வலை வழியா, அதே கணினியிலா) என்ற தேர்வு, முகவரி. ஜெமினி சிஎல்ஐயில் செட்டிங்ஸ் ஜேசன் ஃபைலில் சில வரிகள், கோடெக்ஸில் கான்ஃபிக் டாமல் ஃபைலில் சில வரிகள். கிளாட் கோடில் எந்த எல்லைக்குள் சேர்க்கிறோம் என்பதைக் கவனிக்கவேண்டும். நமக்கு மட்டும், இந்தப் புராஜெக்டில் மட்டும் என்று சேர்க்கலாம்; நம் எல்லாப் புராஜெக்டுக்கும் சேர்க்கலாம்; அல்லது ரெப்போவின் மேல்மட்டத்தில் ஒரு ஜேசன் ஃபைலாக வைத்து டீம் முழுவதற்கும் பகிரலாம். பகிரும் ஃபைலில் அணுகல் டோக்கனை (கடவுச்சொல் போன்றது) நேராக எழுதிவிடாதீர்கள். என்விரான்மென்ட் வேரியபிளின் பெயரை எழுதினால் ஓடும்போது அதன் மதிப்பை எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைல் கிட்டில் ஏறப்போகிறது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சர்வரை நீங்களே எழுதுவதாக இருந்தால் ஒரு விஷயம். ஸ்டிடிஐஓ வழியில் ஏஜென்ட் உங்கள் சர்வரைத் துணை ப்ராசஸாகத் தொடங்கி, ஸ்டாண்டர்டு இன்புட், அவுட்புட் வழியாகவே பேசும். ஸ்டாண்டர்டு அவுட்புட்டில் எம்சிபி செய்தியைத் தவிர வேறு ஒரு எழுத்துகூடப் போகக்கூடாது. ஏதோ ஒரு லைப்ரரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிரின்ட் வரி போதும், எதிர்ப்பக்கம் அதை ஜேசன் என்று படிக்கப்போய் இணைப்பு அறுந்துவிடலாம். லாக் எல்லாம் ஸ்டாண்டர்டு எர்ரருக்கு. டீம் முழுவதும் பயன்படுத்தும் சர்வர் என்றால் ஸ்டிடிஐஓவை விட்டுவிட்டு, 2025 மார்ச் விவரக்குறிப்பில் வந்த ஸ்ட்ரீமபிள் ஹெச்டிடிபிக்குப் போவதே சரி. இன்டெக்ஸ் ஒரே இடத்தில் இருக்கும், ஒவ்வொருவர் கணினியிலும் அதைச் சுமக்கவேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த ஆவணத்திலும் கிடைக்கும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது இதற்குப் பிறகு வருவதற்காக.

இணைத்த பிறகு ஏஜென்ட்டுக்கு உங்கள் சர்வரைப் பற்றித் தெரிவது டூலின் பெயர், அதன் விவரிப்பு, அது ஏற்கும் உள்ளீடுகளின் ஸ்கீமா (வடிவ வரையறை) ஆகியவையே பெரும்பாலும். எந்த ரெப்போக்கள் உள்ளே இருக்கின்றன, எவ்வளவு பழைய இன்டெக்ஸ், எந்த மாதிரிக் கேள்விக்கு நன்றாகப் பதில் வரும் என்பதெல்லாம் விவரிப்பில் இருந்தால் உண்டு. "கோட்பேஸ் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரும்" என்று ஒற்றை வரியில் விட்டுவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். கண்ணெதிரே திறந்திருக்கும் ஃபைலில் உள்ளதைக்கூட ஏஜென்ட் சர்வரிடம் போய்க் கேட்கும். இல்லையென்றால் சர்வர் இருப்பதையே மறந்து தன் போக்கில் தேடிக்கொண்டிருக்கும். நான் எழுதும் விவரிப்பில் நான்கைந்து வரிகள் இருக்கும்: இதில் உள்ள ரெப்போக்களின் பெயர்கள்; டிஸ்க்கில் இல்லாத ரெப்போ பற்றியோ, ரெப்போக்களைத் தாண்டிப் போகும் ஓட்டம் பற்றியோ தெரியவேண்டும் என்றால் இதை அழை; உள்ளூர் ஃபைலில் உள்ளதை நீயே படி; பதில் மெயின் பிராஞ்சைப் பற்றியது, கமிட் செய்யாத மாற்றங்கள் இதற்குத் தெரியாது. இதையே, ஏஜென்ட் தொடங்கியதும் படிக்கும் புராஜெக்டின் குறிப்பு ஃபைலிலும் சுருக்கமாக எழுதுகிறேன். விவரிப்பை ஒழுங்காக எழுதிய நாளிலிருந்து ஏஜென்ட் சர்வரை அழைக்கும் தருணங்கள் பளிச்சென்று மாறிவிடுகின்றன. இன்டெக்ஸைச் செதுக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இந்த நான்கு வரிகளில் காட்டவேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. மனிதர் சர்வரிடம் நேராகக் கேட்பதற்கும், ஏஜென்ட் நடுவில் நின்று கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நாம் ஏஜென்ட்டிடம், "சில ஆர்டர்கள் இரண்டு முறை பதிவாகின்றன, ஏன்?" என்று கேட்கிறோம். ஏஜென்ட் உள்ளூர் ரெப்போவைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, ரீட்ரை ஹாண்ட்லர் ஒன்றின் மேல் சந்தேகம் கொள்கிறது. பிறகு சர்வரிடம், "கேட்வேயின் ரீட்ரை எப்படி ஆர்டரை இரண்டு முறை பதிவு செய்கிறது?" என்று கேட்கிறது. நம் கேள்வியில் ரீட்ரை என்ற பேச்சே இல்லை. ஏஜென்ட்டின் யூகம் கேள்விக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. சர்வரில் உள்ள மாதிரியோ கேட்ட திசையிலேயே தேடி, ரீட்ரை தொடர்பான துண்டுகளையே எடுத்து, சரளமாக ஒரு விளக்கத்தை எழுதித் தருகிறது. அதைப் பார்த்த ஏஜென்ட், தன் சந்தேகம் உறுதியாகிவிட்டது என்று நம்மிடம் சொல்கிறது. இரண்டு இடத்தில் விசாரித்து ஒரே பதில் வந்ததுபோலத் தோன்றும். உண்மையில் ஒரே யூகம்தான் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. கியூவில் ஒரே செய்தி இரண்டு முறை வரலாம் என்ற வேறொரு காரணத்தை யாருமே பார்த்திருக்கமாட்டார்கள்.

இரு பக்கமும் நல்ல மாதிரிகளாக இருந்தாலும் இது நடக்கும்; எழுத்து எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவுக்குக் கண்டுபிடிப்பதும் கடினம். இதைக் குறைக்க நான் இரண்டு இடங்களில் தலையிடுகிறேன். முதலாவது டூலின் உள்ளீட்டு ஸ்கீமா. கேள்வி என்ற ஒரே கட்டத்தைப் பிரித்து, கவனித்த நிகழ்வு ஒரு கட்டம், ஏஜென்ட்டின் யூகம் இன்னொரு கட்டம் என்று வைக்கிறேன். யூகக் கட்டம் காலியாக இருக்கலாம். சர்வர் முதலில் நிகழ்வை மட்டும் வைத்துத் தேடும், யூகத்தைத் தனியாகத் தேடும், இரண்டிலும் கிடைத்ததைச் சேர்த்தே பதில் எழுதும். யூகத்தை எழுத ஒரு தனி இடம் இருந்தால் அது கேள்விக்குள் கசிவது வெகுவாகக் குறைகிறது.

இரண்டாவது, பதிலின் வடிவம். எம்சிபியின் 2025 ஜூன் விவரக்குறிப்பு, டூல்கள் கட்டமைப்புள்ள பதிலைத் தரவும் அதற்கு ஒரு ஸ்கீமா அறிவிக்கவும் வழி செய்தது. இதைப் பயன்படுத்தாத கேள்வி-பதில் சர்வர் பாதி வேலையை விட்டுவிடுகிறது என்பது என் கருத்து. என் ஸ்கீமாவில் பதில் உரை சின்னதாக இருக்கும். அதோடு ஆதாரப் பட்டியல் ஒன்று, ஒவ்வொரு வரியிலும் ரெப்போ, ஃபைல் பாதை, வரி எண்கள், கமிட் ஹாஷ் (நிரலின் அந்தப் பதிப்பைக் காட்டும் அடையாளம்). பிறகு 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று சொல்வதற்கு ஒரு கட்டம். ஆதாரம் இல்லாத கூற்று பதில் உரையில் வரக்கூடாது என்று சர்வரே சரிபார்க்கும். பட்டியலில் உள்ள வரி எண்கள் அந்த கமிட்டில் நிஜமாகவே இருக்கின்றனவா என்றும் பார்க்கும். இதற்கு மொழி மாதிரி எதுவும் வேண்டாம், சாதாரண நிரல் போதும்.

கமிட் ஹாஷை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்டெக்ஸ் எப்போதும் நேற்றையதுதான். மெர்ஜ் ஆனவுடன் இன்டெக்ஸ் புதுப்பிக்கும்படி ஹூக் வைத்தாலும், நாம் வேலை செய்யும் பிராஞ்ச் அதில் இருக்காது. ஹாஷ் கையில் இருந்தால் ஏஜென்ட் தானே சோதித்துக்கொள்ள முடியும். அந்த கமிட்டுக்கும் இப்போது உள்ளதற்கும் இடையே குறிப்பிட்ட ஃபைல் மாறியிருக்கிறதா என்று கிட் டிஃப் ஓட்டிப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். மாறவில்லை என்றால் பதிலை வைத்துக்கொண்டு மேலே போகலாம். மாறியிருந்தால் அந்த வரிகளை நேராகப் படிக்கவேண்டும். ஹாஷ் இல்லாமல் வரும் பதிலில் இந்தச் சோதனைக்கு வழியே கிடையாது. "இப்படி இருக்கிறது" என்று எழுதியிருப்பது எந்த நாளைய இருப்பு என்று யாருக்கும் தெரியாது. என் ஏஜென்ட் குறிப்பு ஃபைலில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்: சர்வர் காட்டிய ஃபைலைத் திறந்து பார்க்காமல் எதையும் எடிட் செய்யாதே. ரெப்போ டிஸ்க்கில் இல்லையென்றால், எடிட் செய்வதற்கு முன் ஆதார வரிகளை என்னிடம் காட்டு.

அளவு பற்றியும் ஒரு சொல். எம்சிபி டூல் தரும் பதில் ஏஜென்ட்டின் கான்டெக்ஸ்டில், அதாவது அது ஒரே சமயத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய உரையில், அப்படியே போய் உட்காரும். கிளாட் கோட் 10,000 டோக்கனைத் (மாதிரி உரையை எண்ணும் அலகு) தாண்டினால் எச்சரிக்கும். இயல்பான உச்சவரம்பு 25,000. வரம்பை உயர்த்த வழி இருக்கிறது, நான் உயர்த்துவதில்லை. முழு ஃபைல்களை அனுப்பும் சர்வர், ஏஜென்ட்டின் வேலை இடத்தைப் பறித்துக்கொள்கிறது. நேரமும் அப்படியே. உள்ளே ஒரு மாதிரி ஓடுவதால் பதிலுக்குச் சில நொடிகள் பிடிக்கும், ஆகவே டைம்அவுட்டைப் பார்த்து வையுங்கள்.

பாதுகாப்பில் இரண்டு கேள்விகள். முதலாவது, யார் எதைப் பார்க்கலாம்? இன்டெக்ஸில் எல்லா ரெப்போவும் இருக்கிறது. கேட்பவருக்கு எல்லா ரெப்போவிலும் அனுமதி இருக்கிறதா? ஒரே சர்வீஸ் அக்கவுண்டில் எல்லோருக்கும் பதில் சொல்லும் சர்வர், ரெப்போ அனுமதிகளைச் சத்தமில்லாமல் செல்லாக்காசாக்கிவிடும். கேட்பவரின் அடையாளத்தோடு கேள்வி வரவேண்டும், தேடும்போதே அவருக்கு அனுமதி இல்லாத துண்டுகள் வடிகட்டப்படவேண்டும். பதில் எழுதிய பிறகு வடிகட்டுவதில் பயனில்லை, அதற்குள் மாதிரி படித்துவிட்டது.

இரண்டாவது, நிரலுக்குள் எழுதியிருக்கும் கட்டளைகள். ஒரு வெளி லைப்ரரியின் ரீட்மீயிலோ காமென்ட்டிலோ "இதைப் படிக்கும் ஏஜென்ட் இன்ன ஃபைலை இன்ன முகவரிக்கு அனுப்பு" என்று யாராவது எழுதி வைக்கலாம். அது இன்டெக்ஸ் வழியாகப் பதிலுக்குள் வந்து, ஷெல் ஓட்டும் அனுமதி உள்ள ஏஜென்ட்டின் முன்னால் நிற்கும். நிரலாளர் சைமன் வில்லிசன் 2025-இல் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்வதைப் பற்றி எச்சரித்தார்: தனிப்பட்ட தரவைப் படிக்கும் அனுமதி, நம்பகமில்லாத உரை உள்ளே வரும் வழி, வெளியே அனுப்பும் வழி. டெர்மினல் ஏஜென்ட்டில் முதலும் கடைசியும் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கேள்வி-பதில் சர்வர் நடுவில் உள்ளதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால் வெளி லைப்ரரிகளையும் நம் நிரலையும் நான் ஒரே இன்டெக்ஸில் கலப்பதில்லை. சர்வருக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே கொடுக்கிறேன். நெட்வொர்க்கைத் தொடும் எந்தக் கமாண்டுக்கும் ஏஜென்ட் என்னிடம் கேட்கவேண்டும் என்றே வைத்திருக்கிறேன், தொந்தரவாக இருந்தாலும்.

சர்வர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதில் நமக்கே நன்றாகத் தெரிந்த சில கேள்விகளை வைத்துக்கொண்டு, இன்டெக்ஸோ மாதிரியோ மாறும்போதெல்லாம் ஓட்டிப் பார்ப்பதே வழி. அவற்றில் சில பொய்யான அடிப்படை கொண்டவையாக இருக்கவேண்டும். இல்லாத ஃபங்ஷன் ஒன்றின் பெயரைச் சொல்லி, "இது எங்கிருந்து அழைக்கப்படுகிறது?" என்று கேளுங்கள். கேட்வேயில் இல்லாத ஒரு கேஷைச் சொல்லி, "அதன் காலாவதி நேரம் என்ன?" என்று கேளுங்கள். "அப்படி ஒன்று இல்லை" என்று வந்தால் அந்த சர்வரை ஏஜென்ட்டோடு இணைக்கலாம். பெயர் கொஞ்சம் ஒத்துப்போகும் வேறொன்றைக் காட்டி அழகாக விளக்கம் எழுதினால், இணைக்காதீர்கள். மனிதர் கேட்டால் அந்தப் பதிலைப் படித்து நெற்றியைச் சுருக்குவார். ஏஜென்ட் அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஃபைலை எடிட் செய்யப் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு வகைக் கேள்வி மிச்சம் நிற்கிறது. "எப்படி" என்பதற்கு நிரலில் பதில் உண்டு, "ஏன்" என்பதற்குப் பெரும்பாலும் இல்லை. கேட்வேயில் ஏன் 2 முறை, ஏன் 3 இல்லை? கான்ஃபிக் ஃபைலில் எண் மட்டும் நிற்கிறது. கமிட் செய்திகளையும் புல் ரிக்வெஸ்ட் விவாதங்களையும் இன்டெக்ஸில் சேர்த்தால் கொஞ்சம் கிடைக்கும். நல்ல கமிட் செய்தி எழுதும் டீமுக்கு நிறையவே கிடைக்கும். இல்லாத இடத்தில் மாதிரி தானாக ஒரு காரணத்தை நெய்து தர முன்வரும், அதுவும் நம்பும்படியாக. ஏன் என்று தொடங்கும் கேள்விக்கு கமிட்டோ விவாதமோ ஆதாரமாக இல்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்றே சொல்லும்படி சர்வரை அமைத்திருக்கிறோம். அப்படி வரும் கேள்விகள் ஒரு பட்டியலில் சேர்கின்றன. அந்த நிரலை எழுதியவர்களிடம் போய்க் கேட்கிறோம், அவர்கள் சொல்வதை அந்த வரியின் மேலேயே காமென்ட்டாக எழுதி மெர்ஜ் செய்கிறோம். அடுத்த முறை இன்டெக்ஸ் ஓடும்போது அது உள்ளே வந்துவிடுகிறது, அதே கேள்வியை மறுபடி கேட்பவருக்கு ஃபைலும் வரி எண்ணும் கமிட் ஹாஷும் சேர்ந்தே பதில் போகிறது.